காப்பி என்று சொல்லி விற்றாலும்

அன்புள்ள கண்ணா,

நேற்று போனில் நீ சொன்னதற்கு அப்போதே பதில் சொல்லியிருந்தால் சண்டையில்தான் முடிந்திருக்கும், அதனால்தான் எழுதுகிறேன். ஆன்லைனில் விற்கிற ஷூவையும் சார்ஜரையும் ஃபர்ஸ்ட் காப்பி, அதாவது பெரிய கம்பெனிப் பொருளைப் போலவே செய்த போலி, என்று சொல்லித்தானே விற்கிறேன், ஒரிஜினல் என்று சொல்லி யாரையும் ஏமாற்றவில்லையே, விலையைப் பார்த்தாலே வாங்குகிறவனுக்குத் தெரியாதா? இதுதானே உன் வாதம்? வக்கீல் ஆபீஸில் டைப் அடித்தே பாதி ஆயுளைக் கழித்தவள் நான். இதே வாதத்தை எத்தனையோ பேர் வந்து சொல்லிக் கேட்டிருக்கிறேன். எல்லோரும் உன்னைப் போலவே நிம்மதியாகத்தான் சொல்வார்கள். வக்கீல் அவர்களை முழுசாகப் பேசவிட்டு, கடைசியில்தான் பேனாவைக் கையில் எடுப்பார்.

இதில் இரண்டு தப்பு இருக்கிறது, நீ இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறாய். வாங்குகிறவரை ஏமாற்றுவது ஒன்று. யாரோ பல வருஷம் பாடுபட்டுப் பதிவு செய்து வைத்திருக்கும் பெயரையும் முத்திரையையும், அதாவது டிரேட்மார்க்கை, அவர்கள் அனுமதி இல்லாமல் ஒட்டிய பொருளை விற்பது இன்னொன்று. காப்பி என்று வெளிப்படையாகச் சொன்னால் முதல் தப்பிலிருந்து ஓரளவு தப்பிக்கப் பார்க்கலாம். இரண்டாவது இருக்கிற இடத்திலேயே இருக்கும். வாங்கியவர் தெரிந்துதான் வாங்கினார் என்று நீ நிரூபித்தாலும் அந்த முத்திரைக்குச் சொந்தக்காரருக்கு அதனால் என்ன?

அதைவிட மோசம் எது தெரியுமா, நீ நேர்மை என்று நினைத்துப் போட்டாயே, காப்பி என்ற அந்த ஒரு வரிதான். இந்தியாவின் 1999ஆம் வருஷத்து டிரேட்மார்க் சட்டத்தில் 104ஆவது பிரிவு போலி முத்திரை போட்ட பொருளை விற்பதைப் பற்றியது. 6 மாதத்திலிருந்து 3 வருஷம் வரை சிறை, 50,000 ரூபாயிலிருந்து 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். ஆனால் அதே பிரிவிலேயே விற்றவருக்கு ஒரு கதவும் திறந்து வைத்திருக்கிறார்கள்: தக்க முன்னெச்சரிக்கை எடுத்தேன், சந்தேகப்பட எனக்குக் காரணமே இல்லை, கேட்டதும் யாரிடம் வாங்கினேன் என்று எல்லா விவரமும் சொல்லிவிட்டேன் என்று அவர் நிரூபித்தால் தப்பலாம். பிரிட்டனில் 1994ஆம் வருஷத்துச் சட்டம், 92ஆவது பிரிவு, 10 வருஷம் வரை சிறை. அங்கேயும் இது முத்திரையை மீறியதல்ல என்று நம்ப நியாயமான காரணம் இருந்தது என்று காட்டினால் தப்பலாம். இப்போது நீயே சொல், உன் விற்பனைப் பக்கத்தில் உன் கைப்பட "ஃபர்ஸ்ட் காப்பி" என்று எழுதிவிட்டு எந்த கோர்ட்டில் போய்த் தெரியாமல் விற்றேன் என்பாய்? எதிர்த் தரப்பு வக்கீலுக்கு வேலையே வைக்கவில்லை நீ.

எங்கெங்கோ இருக்கிற சட்டத்தையெல்லாம் எதற்குச் சொல்கிறாய் என்று கேட்பாய். ஆன்லைனில் விற்கிறவனுக்குப் பொருள் போய்ச் சேருகிற நாட்டுச் சட்டமும் கணக்கில் வரும், அதனால்தான். நீ உட்கார்ந்திருக்கும் இடத்தில் சட்டம் தளர்வாக இருக்கிறது என்று எந்த நண்பன் சொன்னானோ, அவன் பேச்சை விடு. உலக வர்த்தக அமைப்பில் இருக்கிற நாடுகள் அநேகமாக எல்லாம் அறிவுசார் சொத்துரிமை பற்றிய டிரிப்ஸ் ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்டவை. வியாபார அளவில் வேண்டுமென்றே செய்கிற டிரேட்மார்க் போலிக்குக் கிரிமினல் தண்டனை வைத்தே ஆக வேண்டும் என்று அதன் 61ஆவது விதி சொல்கிறது. தண்டனையின் அளவு நாட்டுக்கு நாடு மாறும், அவ்வளவுதான்.

அப்புறம் உன் இரண்டாவது சமாதானம். இது போலியே இல்லை அம்மா, அதே தொழிற்சாலையில் மீந்த சரக்கு, பெட்டி மட்டும்தான் வேறு என்றாய். சப்ளையர் சொன்னதா, நீயே போய்ப் பார்த்ததா? சரி, உண்மை என்றே வைத்துக்கொள்வோம். 2017இல் பிரிட்டனின் உச்ச நீதிமன்றத்துக்கு இதே கேள்வி போனது. தயாரிக்க முதலில் அனுமதி இருந்தும் விற்க அனுமதி இல்லாமல் சந்தைக்கு வந்த சரக்கை விற்றால் அந்த 92ஆவது பிரிவு பாயுமா என்று. பாயும் என்று தீர்ப்பு. ஆக, மீந்தது, ஆர்டர் ரத்தானது, தரச் சோதனையில் தள்ளியது என்று மொத்த வியாபாரிகள் சொல்லும் கதைகள் அங்கே உன்னைக் காப்பாற்றாது. இதில் எனக்கு ஆச்சரியமே இல்லை, சொந்தக்காரர் வேண்டாம் என்று தள்ளியதை அவர் பெயரிலேயே விற்பது எப்படிச் சரியாகும்?

யாருக்குத் தெரியப்போகிறது என்றும் கேட்டாய். எப்படித் தெரிகிறது என்று சொல்கிறேன், இந்த மாதிரி ஃபைல்களை நிறைய டைப் அடித்திருக்கிறேன். கம்பெனி சார்பில் ஒருவர் சாதாரண வாடிக்கையாளர் போல உன்னிடம் ஒரே ஒரு பொருள் ஆர்டர் போடுவார். அன்பாகப் பேசுவார், ஒரிஜினல் மாதிரியே இருக்குமா, பெட்டியும் அதே மாதிரி வருமா, இன்னும் எவ்வளவு ஸ்டாக் இருக்கிறது என்று கேட்பார், நீ உற்சாகமாகப் பதில் போடுவாய். அத்தனையும் ஸ்கிரீன்ஷாட். பார்சல் வந்ததும் மேலே ஒட்டிய கூரியர் சீட்டைக் கிழிக்காமல் படம் எடுப்பார்கள், அனுப்புநர் முகவரி அதில் இருக்கும். பணம் எந்தக் கணக்குக்குப் போனது என்பதும் அவர்கள் கையில். பொருளைக் கம்பெனிக்கே அனுப்பி, தையல், எழுத்துரு, வரிசை எண், பெட்டியின் அட்டை என்று ஒவ்வொன்றாகப் பார்த்து இது எங்களுடையது அல்ல என்று எழுதி வாங்கிவிடுவார்கள். உனக்கு நோட்டீஸ் வரும்போது அவர்கள் பக்கம் எல்லாம் முடிந்திருக்கும்.

அந்த நோட்டீஸும் வரும் என்று சொல்ல முடியாது. அமெரிக்காவில் இப்போது, முக்கியமாகச் சிகாகோவில் இருக்கும் ஃபெடரல் கோர்ட்டில், ஒரே வழக்கில் நூற்றுக்கணக்கான ஆன்லைன் கடைகளை எதிர்வாதிகளாகப் போட்டு, அவர்களுக்குத் தெரியாமலேயே முதலில் தடையாணை வாங்கிவிடுகிறார்கள். ஒரு நாள் காலையில் விற்பனைக் கணக்கைத் திறந்தால் பணம் முடக்கப்பட்டிருக்கும், அப்போதுதான் வழக்கே தெரியும். (இப்படி மொத்தமாக வழக்குப் போடுவதில் ஒன்றும் செய்யாத சிலரும் மாட்டிக்கொள்கிறார்கள் என்ற புகார் உண்டு, அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் நீ அந்த வகையில் வரமாட்டாயே.) அங்கே கம்பெனி தன் நஷ்டத்தைக் கணக்குப் போட்டு நிரூபிக்க வேண்டியதுகூட இல்லை. சட்டத்தில் எழுதியிருக்கும் நஷ்டஈட்டையே கேட்கலாம்: ஒரு முத்திரைக்கு, ஒரு வகைப் பொருளுக்கு 1,000 டாலரிலிருந்து 2 லட்சம் டாலர் வரை, வேண்டுமென்றே செய்ததென்றால் 20 லட்சம் டாலர் வரை. கிரிமினல் வழக்கு என்றால் முதல் தடவைக்கே 10 வருஷம் வரை சிறை.

ஒரு வழக்கைச் சொல்கிறேன், பொறுமையாகப் படி. 2024 மே மாதம் அமெரிக்காவில் ஒருவருக்கு ஆறரை வருஷம் சிறை கொடுத்தார்கள். சிஸ்கோ என்ற கம்பெனியின் பெயரில் போலி நெட்வொர்க் கருவிகளை விற்றவர். பழைய, தரம் குறைந்த கருவிகளை மாற்றியமைத்து, புதுசு மாதிரி லேபிள், பெட்டி, கையேடு எல்லாம் போட்டு, அமேசானிலும் ஈபேயிலும் பல பெயரில் கடை திறந்து விற்றார். 2014க்கும் 2022க்கும் நடுவில் சுமார் 180 பார்சல்களைச் சுங்கத் துறை பிடித்தது. நிறுத்து என்று சிஸ்கோ ஏழு கடிதம் போட்டது. அவர் என்ன செய்தார்? நிறுத்தவில்லை, போலி ஆவணங்களைத் தயாரித்துத் தன் வக்கீல் வழியாகவே பதிலாக அனுப்ப வைத்தார். கடைசியில் சிறையோடு சிஸ்கோவுக்கு 10 கோடி டாலர் கொடுக்கவும் உத்தரவு. அந்த ஆளின் அளவுக்கு நீ பெரிய வியாபாரி இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வந்த கடிதத்துக்குப் பொய் பில் தயார் செய்து பதில் போடுகிற புத்தி இருக்கிறதே, அது சின்ன வியாபாரிக்கும் வரும். எங்கள் ஆபீஸுக்கு வந்தவர்களில் பாதிப் பேர் கெட்டது முதல் தப்பால் அல்ல, அதை மறைக்கப் போட்ட இரண்டாவது தப்பால்தான்.

லாபம் கொஞ்சம்தானே, பிடித்தால் அதைக் கட்டிவிடலாம் என்றும் கணக்குப் போடாதே. பிரிட்டனில் 2002ஆம் வருஷத்துக் குற்ற வருமானச் சட்டத்தில் லாபத்தைப் பார்ப்பதில்லை, விற்று வந்த மொத்தப் பணத்தையும்தான் குற்றத்தால் கிடைத்த ஆதாயமாக எடுத்துக்கொள்கிறார்கள். சரக்கு வாங்கிய காசு, கூரியர் செலவு, விளம்பரச் செலவு எதையும் கழிக்க மாட்டார்கள்.

இனி ஏமாற்றுகிற விஷயத்துக்கு வருகிறேன். அதிலும் நீ சுத்தம் என்று எனக்குத் தோன்றவில்லை. உன் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். மேலே போட்டிருப்பது கம்பெனியின் சொந்தப் படம், அவர்கள் தளத்திலிருந்து எடுத்தது. தலைப்பில் கம்பெனி பெயர் கொட்டை எழுத்தில். காப்பி என்பது கீழே, பாதிப் பேர் படிக்காமல் தாண்டிப் போகிற இடத்தில். வாங்குகிறவரின் மனதில் மொத்தமாக என்ன எண்ணம் உண்டாகும் என்றுதான் நுகர்வோர் சட்டங்கள் பார்க்கும், எங்கேயோ ஒரு மூலையில் உண்மையைச் சொன்னாயா என்று மட்டும் பார்ப்பதில்லை. ஷூவோடு நின்றிருந்தால்கூட இவ்வளவு பயப்பட மாட்டேன், நீ சார்ஜரும் சேர்த்து விற்கிறாய். 2016இல் யுஎல் என்ற பாதுகாப்புச் சோதனை நிறுவனம் 400 போலி ஆப்பிள் சார்ஜர்களைச் சோதித்தது. அடிப்படைப் பாதுகாப்புச் சோதனையில் 397 தோற்றன. 12 சார்ஜர் ஆளையே கொல்லக்கூடிய அளவுக்கு மோசம். காரணம் ரொம்பச் சாதாரணம். சுவரிலிருந்து வரும் மின்சாரத்துக்கும் கையில் பிடிக்கும் வயர் பக்கத்துக்கும் நடுவில் சில மில்லிமீட்டர் இடைவெளியும் நல்ல மின்காப்பும் இருக்க வேண்டும், போலி செய்கிறவன் காசை மிச்சம் பிடிப்பது அங்கேதான். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, எடை கொஞ்சம் குறையும், அவ்வளவே.

உன்னிடம் காப்பி என்று தெரிந்து வாங்கியவர் ஒருவர். அதை ராத்திரி தலைமாட்டில் சொருகிவிட்டுத் தூங்குகிறவர் அவர் மகளாக இருக்கலாம், விருந்துக்கு வந்தவராக இருக்கலாம். அவர்கள் உன் பக்கத்தைப் படிக்கவே இல்லையே, சொல்லித்தான் விற்றேன் என்பதை யாரிடம் போய்ச் சொல்வாய்? அப்படி ஏதாவது நடந்தால் அது டிரேட்மார்க் வழக்கோடு நிற்காது. இந்தியாவின் 2019ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 91ஆவது பிரிவில், போலிப் பொருளால் பெரிய காயம் என்றால் 7 வருஷம் வரை, உயிர் போனால் குறைந்தது 7 வருஷம், ஆயுள் வரைக்கும்கூடப் போகலாம்.

சரி, இப்போது என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறேன். இன்றைக்கே விற்பனையை நிறுத்து, போட்டிருக்கும் பக்கங்களை இறக்கு, ஆனால் இறக்குவதற்கு முன்னால் அவற்றை அப்படியே சேமித்து வை. இருக்கிற ஸ்டாக்கை நஷ்டத்துக்காவது யாரிடமாவது தள்ளிவிடலாம் என்று நினைக்காதே, அதுவும் விற்பனைதான். எரிக்கவும் வேண்டாம், சப்ளையரோடு பேசிய சாட் மெசேஜ்களை அழிக்கவும் வேண்டாம். ஆதாரத்தை அழிப்பது தனிக் குற்றம், தவிர யாரிடம் வாங்கினாய் என்று காட்ட உனக்கு இருக்கும் ஒரே வழியும் அதுதான். சார்ஜர் வாங்கினவர்கள் எல்லோருக்கும் எப்படி, என்ன எழுதுவது என்பதை மட்டும் வக்கீலைக் கேட்டு எழுது, ஆனால் தள்ளிப் போடாதே. உபயோகிப்பதை நிறுத்துங்கள், பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கம்பெனியிடமிருந்து ஏதாவது வந்தால் நீயாக ஒரு வரிகூட எழுதாதே, கையெழுத்தும் போடாதே.

வியாபாரமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. யார் முத்திரையும் இல்லாத, முறையாகப் பாதுகாப்புச் சான்று வாங்கிய சார்ஜரை அதன் சொந்தப் பெயரில் விற்று, இந்த இந்த போனுக்குப் பொருந்தும் என்று போட்டால் பொதுவாக யாரும் தடுக்க மாட்டார்கள். பழைய ஒரிஜினலைப் பழசு என்று சொல்லியும் விற்கலாம், பில்லோடு. லாபம் குறையும். உன் கையில் வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள், பேசத் தெரியும், அனுப்பத் தெரியும், அதெல்லாம் போலிச் சரக்கோடு சேர்ந்து வந்த திறமை இல்லை.

எங்கள் பழைய ஆபீஸில் ஜூனியராக இருந்தவர் இப்போது இந்த மாதிரி வழக்குகள்தான் நடத்துகிறார். பேசிவிட்டேன், உன் பெயரைச் சொல்லவில்லை, செவ்வாய்க்கிழமை சாயங்காலம் உன்னிடம் பேச நேரம் கொடுத்திருக்கிறார். நீ இருக்கும் ஊரில் யாரைப் பார்க்க வேண்டும் என்றும் அவர் சொல்வார். அதற்குள் சப்ளையர் கொடுத்த பில், பணம் அனுப்பிய கணக்கு, இதுவரை எத்தனை பொருள் எங்கெங்கே போனது என்ற பட்டியல், மூன்றையும் தயார் செய்து வை. பில்லே தரவில்லை என்றால் அதையும் அவரிடம் உள்ளபடி சொல்.

அப்பாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. அதை நீதான் சொல்ல வேண்டும், செவ்வாய்க்கு முன்னால்.

அன்புடன்,
அம்மா