ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு அனுப்பிய பிறகு

ஆசிரியருக்கு,

இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் என்ற சின்னக் கம்பிவலைக் குழாய் வைத்தவர்களில் யார் ஒரு மாதத்துக்குள் மறுபடியும் ஆஸ்பத்திரிக்கு வருவார்கள் என்பதைக் கம்ப்யூட்டர் முன்கூட்டியே கணிப்பது பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். என் அப்பா அப்படித் திரும்பி வந்தவர். அதனால்தான் எழுதுகிறேன்.

அப்பாவுக்கு வயது 67. சர்க்கரை உண்டு. மாரடைப்பு வந்து, ஸ்டென்ட் வைத்து, நான்கு நாளில் வீட்டுக்கு வந்தார். மூன்றாவது வாரம் கடைவாய்ப் பல்லில் வலி. பல்லைப் பிடுங்கினால் ரத்தம் நிற்காது என்று யாரோ சொல்ல, ஸ்டென்ட்டில் ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் மாத்திரைகள் இரண்டையும் தானாகவே நிறுத்திவிட்டார். எங்களிடம் மூச்சுவிடவில்லை. ஐந்தாம் நாள் விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். புது ஸ்டென்ட்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்து அடைத்திருந்தது. பிழைத்துக்கொண்டார், ஆனால் இன்றுவரை மாடிப்படி ஏற முடியவில்லை.

இப்படித் திரும்பி வரும் அபாயத்தைக் கணிக்க, கனடாவில் 2010-இல் வெளியான 'லேஸ்' என்று ஒரு மதிப்பெண் முறை இருக்கிறது. இதய நோயாளிகளுக்கு மட்டுமானது அல்ல, பொதுவானது. தங்கிய நாட்கள், அவசரமாகச் சேர்ந்தாரா, கூடவே உள்ள நோய்கள், முந்தைய ஆறு மாதத்தில் அவசரப் பிரிவுக்கு எத்தனை முறை வந்தார் என்ற நான்கும்தான் கணக்கு. மொத்தம் 19-இல் 10 வந்தால் அபாயம் அதிகம். அப்பாவுக்குப் போட்டுப் பார்த்தேன், 10-ஐத் தொடவில்லை. ஸ்டென்ட்டுக்கென்றே செய்த கணக்குகள் சிறுநீரகம், இதயத்தின் பலம் எல்லாம் பார்க்கின்றன. சரி, அவற்றிலும் பல்வலி எங்கே இருக்கிறது?

கணிப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஃபைலில் எழுதாததை எந்தக் கம்ப்யூட்டரும் கணிக்காது. டிஸ்சார்ஜ் அன்று எங்களுக்குக் கிடைத்தது முழுக்க ஆங்கிலத்தில் ஒரு கட்டுக் காகிதம். வீட்டில் மாத்திரை எடுத்துக் கொடுப்பது யார், அடுத்த மாத மாத்திரைக்குக் காசு இருக்கிறதா, நிறுத்துவதற்கு முன் யாரைக் கேட்பீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. "எங்களைக் கேட்காமல் ஒரு நாள்கூட நிறுத்தாதீர்கள், பல் டாக்டர் சொன்னாலும்" என்று தமிழில் ஒரு வரி, கூடவே ஒரு போன் நம்பர் இருந்திருந்தால் போதும்.

இன்னொன்று. இரண்டாம் முறை அப்பாவைப் பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோனோம். ஸ்டென்ட் வைத்த ஆஸ்பத்திரியின் ஏட்டில் அவர் இன்றும் நலமாக வீடு திரும்பியவர்தான். அந்த ஏட்டை வைத்து யாரைக் கணிப்பது? அமெரிக்காவில் மாரடைப்பு நோயாளிகள் 30 நாளில் அதிகம் திரும்பி வந்தால், 2012 அக்டோபரிலிருந்து அரசு அந்த ஆஸ்பத்திரிக்குக் கொடுக்கும் பணத்தையே குறைக்கிறது. வேறு ஆஸ்பத்திரியில் சேர்ந்தாலும் கணக்கில் வரும். இங்கே அபராதம் அப்புறம் இருக்கட்டும், முதலில் எண்ணலாம். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு இரண்டு ஆஸ்பத்திரிகளின் பில்லும் ஒரே திட்டத்துக்குத்தானே போகிறது.

மக்களைத் தேடி மருத்துவத்தில் எங்கள் தெருவுக்குப் பிரஷர் மாத்திரை கொண்டுவரும் அம்மா ஒருவர் இருக்கிறார். ஸ்டென்ட் வைத்தவர்களின் பட்டியலை அவர் கையில் கொடுத்தால், அந்த முதல் மாதம் வாசலில் நின்று மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்துவிடுவார்.

ஒரு வாசகி,
கரூர்