எட்கர் வேடம் போடும் மகனுக்கு

அன்புள்ள தம்பி,

ஷேக்ஸ்பியரின் லியர் அரசன் நாடகத்தில் உனக்கு எட்கர் வேடம் என்று அம்மா சொன்னதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வகுப்பில் எத்தனையோ வருஷம் நடத்திய பாடம் அது.

"பைத்தியமா நடிக்கிறது சுலபம்பா, கத்திக் குதிச்சா போதும்" என்று போனில் சொன்னாய். எனக்கு மனசு ஒப்பவில்லை. எட்கர் உயிர் பிழைக்க அந்த வேடம் போட்டவன். அவனுக்குத் தம்பி முறையான எட்மண்ட் காட்டிய பொய்க் கடிதத்தை நம்பி, பெற்ற அப்பா க்ளாஸ்டரே அவனைப் பிடிக்க ஆள் அனுப்புகிறார். மரப்பொந்தில் ஒளிந்து தப்பியவன் முகத்தில் அழுக்கைப் பூசி, தலைமுடியைச் சிக்காக்கி, பிச்சைக்கார டாம் ஆகிறான். லண்டனில் பெத்லஹேம் என்ற மனநோய் விடுதி இருந்தது. அங்கிருந்து வந்ததாகச் சொல்லித் திரிந்த பிச்சைக்காரர்களை, 1606-ல் இந்த நாடகத்தைப் பார்த்தவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஷேக்ஸ்பியரின் இன்னொரு நாடகத்தில் வரும் ஹாம்லெட்டும் பைத்திய வேடம் போட்டவன்தான், ஆனால் அவனுக்கு அது ஆயுதம். இவனுக்குப் போர்வை.

புயல் இரவில் அப்பா தீப்பந்தத்தோடு வருகிறார். எதிரே இருப்பவன் யாரென்று தெரியாமலே, எனக்கும் ஒரு மகன் இருந்தான், அவன்மேல் உயிராக இருந்தேன் என்கிறார். அதைக் கேட்டுக்கொண்டே நீ உளற வேண்டும் தம்பி.

அப்புறம் நாலாம் அங்கம், முதல் காட்சி. கண் பிடுங்கப்பட்ட அப்பா, உன்னைத் தொட்டுப் பார்க்கக் கிடைத்தால் கண் திரும்பியதாகச் சொல்வேன் என்று இல்லாத மகனிடம் பேசுகிறார். "டாமுக்குக் குளிருது" என்று எட்கருக்கு ஒரு வரி. அடுத்த மூச்சிலேயே, இனி என்னால் பூசி மெழுக முடியாது என்று தனக்குள். உடனே, ஆனாலும் செய்துதான் ஆகவேண்டும். இந்த மூன்றுக்கும் மூன்று குரல் வேண்டும். அவசரப்படாதே.

கடைசியில்தான் அப்பாவிடம் தான் யாரென்று சொல்கிறான். அவர் நெஞ்சு சந்தோஷமும் துக்கமும் தாங்காமல் சிரித்தபடியே வெடிக்கிறது. அது மேடையில் நடக்காது, எட்கர் வாயால் சொல்லித்தான் நமக்குத் தெரியும். அத்தனை நாள் மறைத்தது தப்பு என்று அவனே அங்கே ஒப்புக்கொள்கிறான்.

போன வருஷம் வேலை போனதை மூன்று மாதம் சொல்லாமல், "நல்லாருக்கேன்பா" என்று சிரித்தே பேசினாய். குரலிலேயே எனக்குத் தெரிந்தது. நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

சரி, நாடகத் தேதி முடிவானதும் சொல். நானும் அம்மாவும் வருகிறோம். முன்வரிசையில் இரண்டு இடம் எடுத்து வை.

அப்பா