தாத்தா நிலத்தில் என் பங்கு

அன்புள்ள குமரா,

இங்கே எல்லோரும் நலம். பிள்ளைக்குச் சளி விட்டதா?

"பங்கை விட்டுக்கொடுப்பதாக மாமா கேட்கிற விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு நிம்மதியா இரும்மா, எனக்கு அந்த நிலம் வேண்டாம்" என்று போனில் சொன்னாய். உனக்கு வேண்டாமென்றால் சரி. எனக்கு வேண்டும்.

அது பரம்பரையாக வந்த நிலம் இல்லைப்பா. தாத்தா நீலகிரி வெலிங்டனில் ராணுவப் பயிற்சி முடித்து, 71 போர் வரை பார்த்துவிட்டு ஊர் திரும்பியபின், முன்னாள் ராணுவத்தினர் என்ற முறையில் அரசு அவருக்கு ஒப்படை செய்த தரிசு. கல்லும் கருவேலமுமாகக் கிடந்தது. அவர் கிணறு வெட்ட, பாட்டியும் நானும் கூடையில் மண் சுமந்தோம். தம்பி அப்போது தூளியில் கிடந்தான். அந்த வருஷம்தான் ஏழாம் வகுப்போடு என் படிப்பு நின்றது.

89-க்கு முன்னால் கல்யாணமான பெண்ணுக்குப் பங்கு கிடையாது என்று தம்பியிடம் யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள். 1989 தமிழ்நாட்டுச் சட்டத்தில் இருந்த அந்த நிபந்தனை பூர்வீகச் சொத்துக்குத்தான். இது தாத்தாவின் சொந்தச் சொத்து. உயிலும் எழுதவில்லை. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு. வக்கீலும் இதையேதான் சொன்னார். கல்யாணத்துக்குச் செய்த சீரைக் காட்டி இதைக் கழிக்க முடியாது.

அப்புறம் ஓய்வூதிய அரியர். முன்னாள் ராணுவத்தினருக்கான 'ஒரே பதவி ஒரே ஓய்வூதியம்' திட்டத்தில் 2019 ஜூலை முதல் தொகையை உயர்த்தினார்கள். ஆனால் அரசு அதை 2022 டிசம்பரில்தான் அறிவித்தது. தாத்தா 2021-லேயே போய்விட்டார். அவர் உயிரோடிருந்த மாதங்களுக்கான பாக்கி வாரிசுகளுக்கு வர வேண்டும். நாமினி பாட்டிதான், அவரும் முன்பே போய்விட்டார். அதனால் வாரிசுச் சான்றிதழ் வேண்டும். தம்பி கொடுத்த மனுவில் என் பெயரே இல்லை. அதைப் பார்த்ததும் எனக்குக் கை நடுங்கிவிட்டது. அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நான்.

தாத்தாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்து ராணுவ டிஸ்சார்ஜ் புக்கை எடுத்தேன். குடும்ப விவரப் பக்கத்தில் பாட்டி பெயருக்குக் கீழே என் பெயர், இங்கிலீஷில் ஓர் எழுத்துக் குறைவாக. தம்பி பெயர் இல்லை, அவன் பிறந்தது தாத்தா ரிடையர் ஆன பிறகு. அதைக் காட்டி அவன் பங்கை மறுக்க நான் நினைக்கவே மாட்டேன். அவனுக்குப் பாதி, எனக்குப் பாதி, கூட்டுப் பட்டா. இதற்குமேல் ஒரு சென்ட்கூட நான் கேட்கவில்லை.

தாலுகா ஆபீஸில் ஆட்சேபனை எழுதிக் கொடுத்துவிட்டேன். திங்கட்கிழமை வி.ஏ.ஓ.வும் ஆர்.ஐ.யும் விசாரணைக்கு வருகிறார்கள். அதற்கு முன் நானே தம்பி வீட்டுக்குப் போய்ப் பேசுகிறேன். நீ மாமாவுக்குப் போன் செய்து கோபமாக எதுவும் கேட்காதே. பாட்டியின் இறப்புச் சான்றிதழ் உன் லேப்டாப்பில் இருந்தால் வாட்ஸ்அப்பில் அனுப்பு. இங்கிருக்கிற நகலில் தேதி அழிந்துபோயிருக்கிறது.

அன்புடன்,
அம்மா