பில்லில் ஒரு ஐபி, ரவுட்டரில் வேறு ஐபி: ஐந்தாவது புகார்

பெறுநர்
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: பணம் கட்டி 28 நாள் ஆகியும் ஸ்டேட்டிக் ஐபி (மாறாத இணைய முகவரி எண்) கிடைக்காதது குறித்து.

ஐயா / அம்மா,

வணக்கம். சிவகாசியில் சின்ன அளவில் காலண்டர் தொழில் செய்கிறேன். மூன்று வருடமாக உங்கள் ஃபைபர் இணைப்புதான். ஒரு மாதம்கூட பில் தவறியதில்லை. இதற்கு முன் நான்கு முறை புகார் கொடுத்தேன். நான்கு முறையும் 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது' என்று எஸ்எம்எஸ் வந்தது. புகார் மட்டும் தீரவில்லை.

புது வருட டிசைன்களை வீட்டு கம்ப்யூட்டரிலேயே ஒரு இணையதளமாகப் போட்டு வைத்திருக்கிறேன். வெளியூர் ஏஜெண்டுகள் அதைப் பார்த்து ஆர்டர் சொல்ல வேண்டும். இதற்கு ஸ்டேட்டிக் ஐபி வேண்டும் என்று சொன்னது உங்கள் ஆள்தான். 2,000 ரூபாய், அதற்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆக 2,360 ரூபாய் கட்டினேன். பில்லில் ஐபி எண் அச்சாகி வந்தது. என் தளத்தின் பெயரை, அதாவது டொமைனை, அந்த எண்ணுக்குத் திருப்பினேன். வெளியிலிருந்து தளம் பார்க்க வருகிறவர்கள் என் கம்ப்யூட்டருக்கு வந்து சேரும்படி, ரவுட்டரில் 80, 443 இரண்டு போர்ட்டையும் (இணைய வாசல்கள்) ஃபார்வர்டு செய்தாயிற்று. வீட்டு வைஃபையில் கம்ப்யூட்டரின் வீட்டுக்குள் எண்ணான 192.168.1.10 என்று அடித்தால் படங்கள் பளிச்சென்று வருகின்றன. வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் டொமைன் பெயரை அடித்தால் வட்டம் சுற்றுகிறது, சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது. சேலத்து ஏஜெண்டுக்கும் அதே வட்டம்தான்.

இதை உங்கள் கஸ்டமர் கேரில் சொன்னபோது கிடைத்த பதிலை அப்படியே எழுதுகிறேன். "உங்க வீட்ல ஓபன் ஆகுதுல்ல சார், அப்புறம் என்ன கம்ப்ளைன்ட்?" வெளியிலிருந்து யாராலும் பார்க்க முடியவில்லை தம்பி என்றேன். "அப்ப வெளிய இருக்கிறவங்கள கம்ப்ளைன்ட் பண்ணச் சொல்லுங்க." போனை வைத்துவிட்டார். 40 நிமிடம் உங்கள் பாட்டைக் கேட்டுக் காத்திருந்து வாங்கிய பதில் இது! கடையை நான் திறந்து வைத்திருக்கிறேன், தெருவை நீங்கள் அடைத்து வைத்திருக்கிறீர்கள், வாடிக்கையாளர் வந்து உங்களிடம் புகார் சொல்ல வேண்டுமாம்.

காரணத்தையும் நானே சொல்லிவிடுகிறேன். என் அக்கா மகன் ரவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தைத் திறந்து காட்டினான். வான் (WAN) ஐபி, அதாவது உங்கள் பக்கமிருந்து ரவுட்டருக்கு வரும் எண், 100.72 என்று தொடங்குகிறது. 100.64 முதல் 100.127 வரை உள்ள எண்கள், ஒரே பொது ஐபியைப் பல வீடுகளுக்குப் பங்குபோட உங்களைப் போன்ற நிறுவனங்களுக்கென்று 2012-ல் ஒதுக்கியவை. இந்தப் பங்கீட்டைத்தான் சிஜிநாட் (CGNAT) என்கிறார்கள். அந்த எண்ணைத் தேடிக்கொண்டு வெளியிலிருந்து யாரும் வர முடியாது. அப்புறம் நான் எத்தனை போர்ட்டை ஃபார்வர்டு செய்து என்ன பயன்? எனக்கு விற்ற எண்ணை என் யூசர் ஐடியோடு நீங்கள் இணைக்கவே இல்லை. பத்தாவது நிமிடத்தில் ஒரு காலேஜ் பையன் கண்டுபிடித்தது, உங்கள் பொருளை விற்கும் உங்களுக்குத் தெரியாதா?

டெக்னீஷியன் ஒருவர் வந்தார். பாவம், அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஃபைபர் முனையைத் துடைத்தார், ஸ்பீடு டெஸ்ட் போட்டார், 98 எம்பிபிஎஸ் என்று காட்டினார். ஸ்பீடு பற்றி நான் எப்போது கேட்டேன்? "ஓடிபி சொல்லுங்க சார், டிக்கெட் க்ளோஸ் பண்ணணும்" என்றார். நானும் சொல்லித் தொலைத்தேன்.

அதற்கும் முன்னால் விருதுநகர் அலுவலகத்துக்கு நேரில் போனேன். பிரஸ்ஸில் ஆள் இல்லாத நாளில், நின்றுகொண்டே பஸ்ஸில் போய், ஆதார் ஜெராக்ஸோடு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். "அது பேக்எண்ட் டீம் சார், மெயில் போடுங்க" என்றார்கள். மெயில் போடுவதற்கு விருதுநகர் எதற்கு? போட்டேன். ரவுட்டரை ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள் என்று பதில் வந்தது. செய்தேன். 100.72 போய் 100.81 வந்தது. இதற்குப் பெயர் ஸ்டேட்டிக்!

எங்கள் ஊரில் ஆடி 18 அன்று பூஜை போட்டு, புது காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பத்தை வெளியிடுவது வழக்கம் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். வருட ஆர்டரே அந்த வாரத்தில்தான் சூடு பிடிக்கும். வேறு வழியில்லாமல் படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். படம் சுருங்கியதில் முருகன் முகம் மங்கிவிட்டது, கோல்டு ஃபாயில் மஞ்சள் பெயிண்ட் மாதிரி தெரிகிறது. "இந்த வருஷம் பிரிண்டிங் சரியில்லையே அண்ணாச்சி" என்று ஒருவர் கேட்டுவிட்டார். 22 வருடப் பெயர், ஒரே வாரத்தில் போயிற்று. குறைந்தது பத்து லட்சம் ரூபாய் நஷ்டம். இந்த வருடப் பிழைப்பே போய்விட்டது என்றாலும் தப்பில்லை.

தயவுசெய்து ஒன்று செய்யுங்கள். பில்லில் உள்ள ஐபியை என் யூசர் ஐடிக்கு மேப் செய்து கொடுங்கள். முடியாதென்றால் 2,360 ரூபாயைத் திருப்பிக் கொடுங்கள். ஏழு நாள் பார்ப்பேன். அதற்குப் பிறகு டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) விதிப்படி உங்கள் மேல்முறையீட்டு அதிகாரி, 1915 நுகர்வோர் உதவி எண், மாவட்ட நுகர்வோர் ஆணையம் என்று ஒவ்வொரு படியாக ஏறுவேன். நான்கு டிக்கெட் எண்களும் பில்லும் ரவுட்டர் பக்கத்தின் படமும் இணைத்திருக்கிறேன். அந்த போன் ரெக்கார்டிங் உங்களிடமே இருக்கும். ஒருமுறை போட்டுக் கேளுங்கள். உங்கள் வீட்டில் யாரிடமாவது அப்படிப் பேசினால் பொறுப்பீர்களா?

மனம் நொந்து எழுதுகிறேன், கடுமையாக இருந்தால் மன்னிக்கவும்.

இப்படிக்கு,
சிவகாசி வாடிக்கையாளர்

பின்குறிப்பு: ஸ்பீடு டெஸ்ட் எடுக்க ஆள் அனுப்ப வேண்டாம். சேலத்திலிருந்து தளம் திறக்கும்வரை ஓடிபி சொல்வதாக இல்லை.