ஊசி வழியும் உண்ணி வழியும்

அன்புள்ள முருகேசா,

அக்கா எழுந்து நடமாடுகிறார் என்று படித்த பிறகுதான் நிம்மதி. சேலைக் கட்டுக்கு அடியில் உண்ணி கடித்த இடத்தில், சிகரெட்டால் சுட்டது போலக் கருப்பாக இருந்த அந்தப் பொருக்கை டாக்டரம்மா தேடிப் பார்த்தாரே, அதுதான் பிழைக்க வைத்தது. டாக்சிசைக்ளின் மலிவான மாத்திரைதான். உண்ணிக் காய்ச்சலாக (ஸ்க்ரப் டைபஸ்) இருக்குமோ என்று ஒருவருக்குத் தோன்ற வேண்டுமே!

"எலிக்கு ஊசி போட்டே காலம் தள்ளியவனுக்கு இந்த நோய் தெரியாதா?" என்று கேட்டிருந்தாய். தெரியும்டா. ஆனால் எலி காட்டியது கொஞ்சம் வேறு நோய்.

நோயாளியின் ரத்தத்தை வெள்ளைச் சுண்டெலியின் வயிற்றுக்குள் செலுத்துவது பழைய முறை. ஒன்றிரண்டு வாரத்தில் ரோமம் சிலிர்த்து, கூனிக் குறுகி மூலையில் ஒடுங்கிவிடும். வயிறு உப்பும். அறுத்தால் நீர் கோத்திருக்கும், மண்ணீரல் வீங்கியிருக்கும். வயிற்றின் உள்சவ்வைச் சுரண்டி ஜீம்சா சாயம் ஏற்றினால், செல்லுக்குள் இந்த நோயின் கிருமியான ஓரியன்ஷியா சுட்சுகாமுஷி கும்பலாகத் தெரியும். கிருமியைப் பிடிக்க நல்ல வழி. ஆனால் அக்காவுக்கு வயிறா உப்பியது? மனிதருக்குள் அந்தக் கிருமி தோலில் இறங்கி, நெறிகட்ட வைத்து, பிறகு ரத்தக் குழாய்களின் உள்சுவரில் குடியேறுகிறது. நுரையீரலும் மூளையும் அப்படித்தான் மாட்டிக்கொள்கின்றன.

அதனால்தான் பின்னால் வந்தவர்கள் ரத்தநாளத்திலும் பாதத் தோலிலும் ஊசி போட்டுப் பார்த்தார்கள். அப்போது எலியின் நுரையீரலும் கெட்டது. மனித நோய்க்கு நெருங்கி வந்தது. எலியின் ஜாதியும் கிருமியின் வகையும் முக்கியம். ஆய்வக எலிகளில் சி3எச், பால்ப்-சி என்று ஜாதிகள் உண்டு. 1943இல் பர்மா எல்லையில் பிடித்த கில்லியம் என்ற கிருமி வகையை வயிற்றில் ஏற்றினால் சி3எச் எலி சாகும், பால்ப்-சி எலி தாங்கும். அதே பால்ப்-சியை நியூகினியிலிருந்து வந்த கார்ப் வகை கொன்றுவிடும். இதை வைத்துக்கொண்டு 'எலிக்கு இப்படி' என்று பொதுவாகச் சொல்பவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான்.

உண்ணியையே கடிக்க விட்டால் என்ன என்பாய். கடிப்பது அதன் குஞ்சு மட்டும்தான், அதுவும் ஆயுளில் ஒரே ஒரு தடவை. கிருமி தாயிடமிருந்து முட்டை வழியாகவே இறங்கும். பாங்காக்கில் ராணுவ மருத்துவ ஆய்வகம் ஒன்று அப்படிப்பட்ட உண்ணிகளைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்து எலியைக் கடிக்க விட்டிருக்கிறது. பொறுமைசாலிகள்! எனக்கு ஊசியே போதுமாக இருந்தது.

அப்புறம், அக்காவைப் புல்லறுக்கப் போகும்போது மாமாவின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொள்ளச் சொல். கேட்க மாட்டார், தெரியும். இருந்தாலும் சொல்.

அன்புடன்,
செல்வம்