மாமாவுக்கு, பதினெட்டு கியர் வண்டியிலிருந்து

ஸ்கார்பரோ, கனடா
தை 12

அன்புள்ள மாமாவுக்கு,

மருமகன் எழுதிக்கொள்வது. நான் நலம். அங்கே அத்தை, அம்மா, மச்சான் எல்லோரும் சுகம்தானே? வாராவாரம் போனில் பேசிவிட்டுக் கடிதம் எதற்கு என்று அத்தை சிரிப்பார். போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் ஒன்று கேட்டீர்கள்: "அங்கே எல்லாம் ஆட்டோமேட்டிக்தானாமே, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பதற்கா சம்பளம்?" இதற்குப் பதில் படம் வரைந்துதான் சொல்ல முடியும். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

நீங்கள் கேள்விப்பட்டது பொய்யில்லை. புதிதாக வருகிற லாரிகளில் பெரும்பாலானவற்றில் கிளட்ச் பெடலே கிடையாது, கம்ப்யூட்டரே மாற்றிக்கொள்ளும். எனக்கு வாய்த்தது பழைய வண்டி. ஈட்டன் ஃபுல்லர் கியர் பாக்ஸ், முன்னால் போக மட்டும் பதினெட்டு கியர். லைசென்சிலும் ஒரு சங்கதி இருக்கிறது. 2022 ஜூலையிலிருந்து ஒன்டாரியோவில் ஆட்டோமேட்டிக்கில் டெஸ்ட் கொடுத்தவன் மேனுவல் லாரியைத் தொடக்கூடாது. மேனுவலில் கொடுத்தால் இரண்டையும் ஓட்டலாம். வேலை தேடுகிறவன் எதை விடுவது? மேனுவலிலேயே கொடுத்தேன். அதற்கு முன் 103.5 மணி நேரப் பயிற்சி கட்டாயம். உங்களிடம் கற்றவனுக்கு என்ன பயிற்சி என்று எகத்தாளமாகத்தான் போனேன்.

முதல் நாளே மானம் போயிற்று. இங்கே ஸ்டியரிங் இடது பக்கம், கியர் வலது கையில். என் இடது கை ஒவ்வொரு தடவையும் கதவில் போய் முட்டியது. அதைவிட மோசம், கியர் விழவே இல்லை. கிளட்சை அடிவரை மிதித்து ராடைத் தள்ளினால் கரகரவென்று அரைக்கிறது. சொல்லிக்கொடுத்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். "தம்பி, முழுக்க அமத்தாதேங்கோ, கிளட்ச் பிரேக் தேயுது" என்றார். இந்த வண்டிகளில் பெடலின் கடைசி அங்குலத்தில் சின்னதாக ஒரு பிரேக் இருக்கிறது. வண்டி நிற்கும்போது முதல் கியர் அரைக்காமல் விழ, பாக்ஸுக்குள் சுற்றுகிற தண்டை அது நிறுத்தும். ஓடும்போது அதுவரை மிதிப்பது பெரிய பிழை.

அப்புறம் அவர் சொன்னதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பல்சக்கரங்களின் வேகத்தைத் தானாகவே ஒத்துப்போக வைக்கிற சிங்க்ரோ இந்த பாக்ஸில் கிடையாது. கிளட்ச் மிதித்து நியூட்ரலுக்கு எடு, காலை விடு, ஆர்.பி.எம். (என்ஜின் நிமிடத்துக்குச் சுற்றுகிற கணக்கு) 1600-லிருந்து 1150 வாக்கில் இறங்கட்டும், மறுபடி மிதித்து அடுத்ததைப் போடு. கியர் குறைக்கும்போது நியூட்ரலில் ஒரு ரேஸ் கொடு. டபுள் கிளட்ச்! உங்கள் பழைய லேலண்ட் லாரியில் நீங்கள் போட்டதேதான். "தாத்தா காலத்து ஓட்டு மாமா" என்று நான் கேலி செய்வேனே, அது.

புது வண்டி எடுத்த வருஷம் திருச்சிக்கு ஆத்தங்குடித் தரைக்கல் ஏற்றிப்போனது நினைவிருக்கிறதா? கல்லை நிமிர்த்தி அடுக்கி, நடுவே வைக்கோல் திணித்திருந்தோம். திருமயம் தாண்டி ஒரு திருப்பத்தில் நான் மூன்றாவதை வெடுக்கென்று போட்டு கிளட்சை விட்டேன். இறக்கும்போது பதினோரு கல்லில் மூலை உதிர்ந்திருந்தது. நீங்கள் வாயே திறக்கவில்லை. அந்தப் பதினொன்றையும் என் காலடியில் போட்டுவிட்டீர்கள். ஒரு மாதம் உருண்டுகொண்டு கிடந்தன. இங்கே கியர் அரைக்கும் ஒவ்வொரு தடவையும் அந்தக் கற்கள் இடிக்கிற சத்தம்தான் எனக்குக் கேட்கிறது.

இனி பதினெட்டுக் கணக்கு. பின்பக்கம் படம் போட்டிருக்கிறேன், பார்த்துக்கொண்டே படியுங்கள். ரிவர்ஸை விட்டால் ராடு போகிற இடம் ஐந்துதான்: ஒரு லோ, அப்புறம் நாலு. ராடின் தலையில் முன்பக்கம் ஒரு நெம்பி. அதைத் தூக்கினால் அதே நாலு இடமும் ஐந்து முதல் எட்டு ஆகிவிடும். ஆக ஒன்பது. கட்டைவிரல் பக்கம் இன்னொரு பொத்தான், அது ஒவ்வொன்றையும் இரண்டாகப் பிரிக்கும். இந்த அரை கியருக்கு ராடை அசைக்கவே வேண்டாம். பொத்தானைத் தட்டி, ஆக்சிலேட்டரை ஒரு கணம் விட்டால் காற்று 'புஸ்' என்று தள்ளிவிடும். சிக்கல் நாலிலிருந்து ஐந்துக்குப் போகும்போதுதான். நெம்பியைத் தூக்க மறந்தால் கை நேராக ஒன்றாவதுக்குப் போகும். எத்தனை தடவை போயிருக்கிறேன் என்று கேட்காதீர்கள். காலி வண்டியில் பாதி கியரைத் தாண்டித் தாண்டிப் போகலாம். கிளட்சே தொடாமல் ராடை மிதக்கவிட்டு மாற்றுகிற பழைய கைகளும் உண்டு. பள்ளியில் அதற்கு அனுமதியில்லை, எனக்கு இப்போதுதான் கொஞ்சம் கைவருகிறது.

குளிர்காலத்தில் சுப்பீரியர் ஏரியை ஒட்டி 17ஆம் நம்பர் சாலையில் தண்டர் பே வரை போகிறேன். மைனஸ் முப்பதில் கியர் ஆயில் கெட்டியாகி, காலையில் ராடை அசைப்பது ஆறின கேழ்வரகுக் களியில் அகப்பையை விட்ட மாதிரி இருக்கும். வழியெல்லாம் ஏற்ற இறக்கம். போன மாதம் ஓர் இறக்கத்தில் பாதியில் கியர் குறைக்கப் பார்த்தேன். எடுத்தது வந்தது, போடுவது விழவில்லை. முழு லோடு, நியூட்ரல், கீழே பனி. நியூட்ரலில் என்ஜின் பிரேக் பிடிக்காது என்பது உங்களுக்குத் தெரியும். பிரேக்கைப் பிடித்து வேகத்தைக் குறைத்து, ரேஸ் கொடுத்து மறுபடி கியருக்குள் தள்ளுவதற்குள் உள்ளங்கை நனைந்துவிட்டது. குமுளி மலையில் "ஏறுகிற கியரில் இறங்குடா" என்று தலையில் குட்டுவீர்களே! இப்போது உச்சியிலேயே கியரைக் குறைத்துக்கொண்டுதான் இறங்குகிறேன். இதை அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

இந்த மாதப் பணம் வந்திருக்கும். கூரை ஓடு மாற்ற அதில் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஒரு சந்தேகம் மாமா. ஏற்றத்தில் லோடோடு கியர் குறைக்கும்போது முள்ளைப் பார்த்துப் போட்டால் எனக்கு நேரம் தவறிவிடுகிறது. உங்கள் லேலண்டில் ஆர்.பி.எம். மீட்டரே கிடையாதே. எந்தச் சத்தத்தை வைத்து மாற்றினீர்கள்? ஞாயிற்றுக்கிழமை போனில் வாயாலேயே அந்தச் சத்தத்தைப் போட்டுக் காட்டுங்கள். அத்தை சிரித்தால் சிரிக்கட்டும்.

உங்கள்
மருமகன்