மேகம் என்ன குளிரில் இருந்தது?

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? இங்கே வேலையும் வீடும் வழக்கம்போல ஓடுகின்றன, எழுதும்படி ஒன்றும் இல்லை. பனி விழுந்தால் படத்தில் இருப்பதுபோல நட்சத்திரம் நட்சத்திரமாகவா விழும் என்று போனில் கேட்டீர்களே, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

பெரும்பாலும் இல்லை அப்பா. உடைந்ததும், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதுமாகத்தான் வந்து விழுகிறது. முழுசாக ஒன்று கிடைக்கப் பொறுமை வேண்டும். பனியைப் பிடிக்க என் கறுப்புக் கோட்டை முதலிலேயே வெளியே மாட்டிக் குளிரவைத்துவிடுவேன், இல்லாவிட்டால் விழுந்தவுடன் கரைந்துவிடும். அப்புறம் மூச்சை அடக்கிக்கொண்டு லென்ஸில் பார்க்க வேண்டும். நடுவில் பொடி அறுகோணத் தகடு, ஆறு மூலையிலும் ஆறு கிளை, அவற்றில் 60 டிகிரி சாய்வில் பக்கக் கிளைகள். நிறமே கிடையாது, தெளிந்த கண்ணாடிபோல இருக்கும். குவிந்து கிடக்கும்போது எண்ணற்ற பரப்புகளில் பட்டு ஒளி சிதறுவதால்தான் வெள்ளையாகத் தெரிகிறது.

ஏன் எப்போதும் ஆறு? வானியலாளர் கெப்ளர் 1611-லேயே இதைக் கேட்டு ஒரு சிறு புத்தகம் எழுதினார். மூலக்கூறு பற்றி அப்போது யாருக்குத் தெரியும்! உறையும்போது நீர் மூலக்கூறுகள் அறுகோண வளையங்களாகக் கைகோத்துக்கொள்கின்றன. மழைத்துளி உறைந்து பனிப்படிகம் ஆவதில்லை. மேகத்திலுள்ள நீராவி, நடுவில் தண்ணீராகாமல் நேரே படிகத்தின்மேல் படிகிறது. மூலைகள் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் அவற்றுக்கு நீராவி அதிகம் கிடைத்து, கிளையாக வளர்கின்றன.

எனக்கு மிகவும் பிடித்தவர் ஜப்பானிய இயற்பியலாளர் உகிச்சிரோ நகாயா. 1936-ல் ஹொக்கைடோவில், ஆய்வுக்கூடத்துக்குள்ளேயே பனிப்படிகம் வளர்த்தவர். நூலிழையில் வளர்த்தபோது நெடுக உறைபனி அப்பிக்கொண்டது. முயல் முடியில்தான் தனித்தனிப் படிகம் வந்தது. முயல் முடி! யாருக்குத் தோன்றும்? வெப்பநிலையும் ஈரப்பதமும் மாறினால் வடிவமும் மாறும் என்று காட்டினார். மைனஸ் 2 டிகிரி வாக்கில் மெல்லிய தகடு, மைனஸ் 5-ல் ஊசியும் தூணும், மைனஸ் 15-ல், ஈரம் நிறைய இருந்தால், நீங்கள் கேட்ட நட்சத்திரம்.

ஆகவே கோட்டில் விழுந்ததைப் பார்த்தே, அது வளர்ந்த இடத்தில் மேகம் என்ன குளிரில் இருந்தது என்று ஓரளவு சொல்லிவிடலாம். இன்று காலையிலிருந்து ஊசிகளாகவே விழுகின்றன, மைனஸ் 5 பக்கம் என்று நினைக்கிறேன். நட்சத்திரம் மாட்டினால் போட்டோ எடுத்து அனுப்புகிறேன். மாத்திரையை மறக்காமல் போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்